கண்மதிப்பும் தராசும்

கலசப்பாக்கத்தில் பேருந்து ஏறி மேற்கே பிரயாணம் செய்கிறவர்களில் அநேகர் பருவதமலைக்குப் போகும் பக்தர்கள். நான் பன்றி பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் சற்றே நகர்ந்து உட்கார்ந்தது, அந்தப் பிராணியை வளர்த்து ஜீவனம் நடத்துகிறவர்களுக்கு நித்தமும் கிடைக்கும் மரியாதையின் ஒரு சிறு மாதிரி என்றே கொண்டேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், சாமைக் காட்டுக்கும் பாறைக்கும் நடுவே, கல் பாவிய தரையும் தகரக் கூரையுமாக ஓர் அம்மாள் கட்டியிருந்த கொட்டிலின் முன் வெகுநேரம் நின்றேன். தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்திருக்க, எட்டுக் குட்டிகளும் முட்டி மோதாமல் தத்தம் காம்பில் வாய் வைத்தன. பிறந்த சில தினங்களுக்குள்ளேயே இன்ன குட்டிக்கு இன்ன காம்பு என்ற பாத்தியதை ஏற்பட்டு, வலுத்தவை முன்காம்புகளைப் பிடித்துக்கொள்கின்றன. மூலையில் ஒரு கூடைச் செம்மண் கொட்டிக் கிடந்தது. தாய்ப்பாலில் இரும்புச் சத்து சொற்பம். வெளியில் திரியும் குட்டி மண்ணைக் கிளறி அதை ஈடுசெய்துகொள்ளும், கல்தரையில் பிறந்ததோ சோகை பிடித்து வெளுத்துப்போகும். இதற்குக் கால்நடை மருத்துவர் போடும் ஊசி உண்டு. அவர் வர இயலாத ஈற்றுக்குச் செம்மண்ணே வைத்தியம்.

சினைக்காலம் 114 நாள்; பிறகு தவிடும் கிழங்கும் ஓட்டல்களில் மிஞ்சியதும் போட்டு வளர்க்கும் காலம் ஏழெட்டு மாதம்; இவ்வளவு பிரயாசைக்கும் கிரயம் நிர்ணயமாவதோ, வியாபாரி வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒரு பார்வையில்.

“எடை போடுறதெல்லாம் கிடையாதுங்கய்யா. வருவாரு, பாப்பாரு, உருப்படி இவ்வளவுன்னுவாரு. வேணாம்னு சொன்னா அடுத்த மாசம் வரைக்கும் தீனி யாரு போடுறது?” என்றார் அந்த அம்மாள்.

விலைக்கு நின்ற ஒன்றை 50 கிலோ என்று மதித்துவிட்டு வியாபாரி போயிருந்தார். தையற்காரர் டேப்பைக் கொண்டு அதை அளந்தோம். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு 95 சென்டிமீட்டர். காதுகளின் நடுவிலிருந்து வாலடி வரை நீளம் 100. சுற்றளவை மீட்டராக்கி அதே எண்ணால் பெருக்கி, மீட்டராக்கிய நீளத்தாலும் பின்பு 69.3 என்ற எண்ணாலும் பெருக்கினால் உயிர் எடை கிலோவில் கிடைக்கும் என்பது பல தேசங்களில் கையாளப்படும் கணக்கு. விடை 62 கிலோவைத் தாண்டியது. கணக்கு சில கிலோ பிசகலாம். ஆனால் பிசகு எப்போதும் வாங்குகிறவர் பக்கமே சாய்வதற்கு நியாயமில்லை.

வியாபாரியை மாத்திரம் நொந்தும் பயனில்லை. பன்றிக்கு வியர்த்து உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் சக்தி இல்லையென்றே சொல்லலாம். வண்டியில் வெயிலுக்கு ஒன்று செத்தால் நஷ்டம் அவருடையது. நகரத்துக் கறிக்கடைக்காரர் பாக்கி வைத்தால் அதுவும் அவர் தலையில்தான்.

ஜனங்கள் தயங்காமல் இந்த மாமிசத்தை வாங்க வேண்டுமானால், தெருவில் திரியும் பன்றி கொட்டிலுக்குள் வந்தாக வேண்டும். வெளியில் மலம் கழிக்கும் ஊரில், நாடாப்புழு உள்ளவர் மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் பயறளவு நீர்க்கொப்புளங்கள் உண்டாகின்றன. அக்கறியை அரைவேக்காட்டில் தின்றவர் குடலில் புழு வளர்கிறது. அப்புழுவின் முட்டை, கழுவாத கை வழியாகவோ காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், மூளையில் கட்டியும் வலிப்பும் வருகின்றன. அந்த இன்னொருவர் பன்றிக்கறியைக் கண்ணாலும் பாராத சைவராக இருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாவட்டத்து வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்கு இதுவே காரணம் என்று கண்டது. பேருந்தில் நகர்ந்து உட்காருவதால் விலகிப்போகிற விஷயமல்ல இது.

ஓட்டல் மீதியிலும் ஓர் அபாயம் உண்டு. 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் காணப்பட்டது. மனிதரை அது தொற்றாது. பன்றிக்கு வந்தால் சிகிச்சை இல்லை. எச்சில் இலையோடு வரும் ஒரு கறித்துண்டே அதைக் கொண்டுவரப் போதும். ஆகையால் அந்த அம்மாள் மீதியை இரும்பு டிரம்மில் கொட்டி அரைமணி நேரம் கொதிக்கவைக்கிறார். தவிட்டைக் காட்டிலும் விறகுதான் அவருக்குக் கவலை.

காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார், வெள்ளை யார்க்‌ஷயர் முக்கால் பங்கும் நாட்டுப்பன்றி கால் பங்குமாகச் சேர்த்து உண்டாக்கிய இனத்தைப் பற்றி இங்கும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நல்ல இனமே, ஆனால் ஏறிய எடையை நிறுத்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் அதன் லாபமும் வேலிக்கு வெளியே நிற்கிறவருக்கே போய்ச்சேரும். முதலில் வரவேண்டியது தராசு.

திரும்பும் வழியில், கலசப்பாக்கத்து டீக்கடையில் அந்த வியாபாரியையே சந்திக்க வாய்த்தது. “தராசு வைங்க சார், நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா எடைக்கு வெலைன்னா, வயிறு ரொம்பத் தண்ணியும் தீனியும் காட்டிக் கொண்டாந்து நிறுத்துவாங்க” என்றார். முதல் நாள் இரவோடு தீனியை நிறுத்திக் காலையில் எடை போடலாமே என்றேன். யோசித்துவிட்டு, “அதுக்கு ராத்திரி கட்டி வைக்கக் கொட்டாய் வேணும். அந்தச் செலவு யாருது?” என்று கேட்டார்.