மலைக்குப் போகும் பெட்டி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் சிட்லபாக்கத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். பள்ளி விடுமுறையும் வெயிலும் கூடிவரும் மே மாதத்தில், நம் பங்குக் குடும்பங்கள் பல தாம்பரத்தில் இரவு வண்டி ஏறி, விடியலில் கொடை ரோட்டில் இறங்கி, கொடைக்கானல் செல்வது வழக்கம். பயணத்திற்கு ஆசீர் பெற வருவோரிடம், "குளிருக்கு என்ன எடுத்து வைத்தீர்கள்?" என்று கேட்பேன். "கோடைக்காலந்தானே, சாமி!" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அவ்விடை சமவெளிக்குப் பொருந்தும், மலைக்குப் பொருந்தாது. மே மாதத்தில் மீனம்பாக்கத்து வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போன செய்தி. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 பாகை பதிவாயிற்று. கொடைக்கானலோ கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை வெப்பம் குறையும். ஆகவே அங்கே மே மாதத்திலும் பகலில் 20 பாகையை ஒட்டியும், இரவில் 12, 13 பாகையளவிலுமே இருக்கும். மேலும், காலை வெயிலில் மலைச்சரிவு சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகி, பிற்பகலில் இடியுடன் மழையாக இறங்குவதும் கோடையில் அடிக்கடி நிகழ்வதே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலிருந்து ஒரு குடும்பம் அவ்வாறு சென்றது. கணவரை இழந்த மூதாட்டியும் உடன் சென்றார். பேரப்பிள்ளைகளின் புத்தாடைகளால் இரண்டு பெட்டிகள் நிறைந்தன. "எனக்கு என்னப்பா வேண்டும்?" என்று சொல்லி, பாட்டி இரண்டு நூல் சேலைகளை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டார். ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் நனைந்தனர்; மாற்றுக் கம்பளி இல்லாதவர் அவர் ஒருவரே. விடுதி வந்து சேரும்வரை குளிர்கிறது என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நெஞ்சுச் சளியோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இறையருளால் பிழைத்துக்கொண்டார். நற்கருணை கொடுக்கச் சென்றபோது, மகன் வராந்தாவில் நின்று, "அம்மா கேட்கவே இல்லை, சாமி" என்றார். கேட்காதவர்களின் தேவையை நினைத்துப் பார்ப்பது யார் பொறுப்பு?

ஆகவே பயணப் பெட்டியை அடுக்கும் தாய்மார்களுக்குச் சில சொற்கள். முதலில் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் எடுத்து வையுங்கள். தடித்த ஆடை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகள் இரண்டு நலம். இடையில் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். பருத்தி வியர்வைக்கு ஏற்றது. ஆனால் நனைந்தால் எளிதில் உலராது, உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி சற்று நனைந்தாலும் சூடு காக்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் அல்லது சால்வை, காதை மூடும் குல்லா, காலுறை இரண்டு இணை, குடை, இவை போதும். அவற்றைப் பெட்டியின் அடியில் புதைக்காமல், கைப்பையில் மேலாக வையுங்கள். வத்தலக்குண்டு கடந்து மலை ஏறும் பேருந்திலேயே அவை வேண்டியிருக்கும்.

எல்லா வீட்டிலும் கம்பளி இராது. ஆண்டில் நான்கு நாள் உடுக்கும் ஆடைக்குப் பணம் செலவிட இயலாதவர்கள் நம்மிடையே பலர். உங்கள் அலமாரியில் உறங்கும் ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டார் கேட்குமுன் கொடுத்தனுப்புங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவோர்க்கு அது பேருதவி.

புனித சின்னப்பர் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரும்படியும், குளிர்காலத்திற்கு முன்னரே வந்துவிடும்படியும் கேட்கிறார். அத்தகைய பெரியவரும் தமக்குக் குளிரும் என்பதை மறைக்கவில்லை. நம் வீட்டு முதியவர்கள் மறைக்கிறார்கள். இவ்விடுமுறையில் பெட்டியை மூடுமுன், அவர்களுடைய துணிப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.