நீலக் கடலின் சின்னஞ்சிறு குடிகள்

கடல் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது அதன் நீல நிறமே. கண்ணைக் கவரும் அந்தத் தெளிந்த நீலம் வறுமையின் நிறம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆம், சத்துக் குறைந்த கடலே தெளிந்த நீலமாகத் தோன்றுகிறது.

கடல் நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய உயிர்களைப் பிளாங்டன் என்பர். அவற்றுள் தாவர வகையைச் சேர்ந்தவை சூரிய ஒளியால் உணவு சமைக்கின்றன. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வேலையே. பயிருக்கு உரம் வேண்டுவது போல இவற்றிற்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும்.

நமது வங்காள விரிகுடாவையே பாருங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் அதில் நன்னீரைக் கொட்டுகின்றன. பாலின் மேல் ஆடை படிவது போல, எடை குறைந்த அந்நீர் உப்பு நீரின் மேல் பரவி நிற்கிறது. காற்றால் இவ்விரண்டையும் எளிதில் கலக்க முடிவதில்லை. ஆகவே அடியிலுள்ள சத்துகள் மேலே வருவதில்லை. கரையோரத்திலும் கழிமுகங்களிலும் பெரிய டயாட்டம்கள் செழிக்கின்றன. நடுக்கடலின் மேற்பரப்பில் மிக நுண்ணியவையே மிகுந்துள்ளன. உடல் சிறிதாக இருப்பதால், அரிதாகக் கிடைக்கும் சத்தையும் அவை எளிதில் ஈர்த்துக் கொள்கின்றன. சற்று ஆழத்தில், மங்கிய ஒளியும் அடியிலிருந்து வரும் சத்தும் சந்திக்கும் இடத்தில், பிளாங்டன் மிகுந்த ஓர் அடுக்கு உண்டு. டிரைக்கோடெஸ்மியம் என்பதோ நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக் கொள்கிறது.

1980களில் சாலி சிஷோம் என்ற அம்மையாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் புரோகுளோரோகாக்கஸ் என்னும் உயிரைக் கண்டறிந்தனர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இது, வெப்பக் கடல்களில் ஒரு மில்லி லிட்டர் நீரில் ஓர் இலட்சம் வரை வாழ்கிறது!

கடலுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு? தென்பெண்ணை ஆறுதான். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வழியில் பெங்களூரின் கழிவுநீர் அதில் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் குவிவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். சோப்புத் தூளும் சாக்கடையும் சேர்ந்த நீரில் சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சத்தில் மிதமிஞ்சி வளரும் பாசி, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அன்றோ? இந்த நீரை நம்பித்தான் நம் பகுதி உழவர்கள் பயிர் செய்கின்றனர்.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் இயேசு பெரிதாக மதித்தார். வறிய கடலின் இச்சிற்றுயிர்களும் தம்மிடமுள்ள சிறிதைக் கொண்டே உலகைக் காக்கின்றன. தோழியரே, நாமும் சிறியவர்களே. ஆயினும் துணி துவைக்கும்போது சோப்புத் தூளை அளவோடு பயன்படுத்துவோம். குப்பையை ஓடையில் எறியாதிருப்போம். வீட்டில் உள்ளோர்க்கும் எடுத்துச் சொல்வோம். இறைவன் தந்த ஆற்றைத் தூய்மையாகக் கடலுக்கு அனுப்புவோம்.