கடைசி வாங்கு

மதுவின் தீமை பற்றி மாணவருக்கு நாம் எழுதிக் கொடுத்த பேச்சுகள் பல. அவற்றுள் ஒன்று 2013 ஆம் ஆண்டில் ஒரு பேச்சுப் போட்டியிலே முதற்பரிசு பெற்றது. பேசியவன் நம் வகுப்பு மாணவன். அப்போது அவனுக்கு வயது 16. மறு ஆண்டு அவனைத் தவறணைக்குப் பின்னாலுள்ள பனங்கூடலிற் கண்டோம். இவ்விரண்டுக்கும் இடையில் நடந்தவற்றில் நமக்கும் பங்குண்டு.

அவனும் இன்னொரு மாணவனும் வகுப்பின் கடைசி வாங்கில் அருகருகே இருப்பவர்கள். ஒருநாள் ஒருவனுடைய கொப்பியிலிருந்து மற்றவனுக்கு எழுதிய கடிதமொன்று வெளிப்பட்டது. இழிவான சொல் ஒன்றேனும் அதில் இல்லை. விடுமுறை நீண்டு போகிறது, காணாமல் இருக்க இயலவில்லை, இவ்வளவே செய்தி. ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்டிருந்தால் ஆசிரியர் அறை அதனைப் பகிடி பண்ணி இரண்டு நாளில் மறந்திருக்கும். ஆணுக்கு எழுதப்பட்டமையால் அது குற்றப் பத்திரமாயிற்று.

நாம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததையே பெரிய முற்போக்கென அன்று எண்ணிக் கொண்டோம். சம ஆசனத்துக்காக இம்மண்ணில் நடந்த போராட்டத்தை மேடைதோறும் எடுத்துரைத்தவர்கள் நாம். பிறப்பின் பேரால் ஒரு பிள்ளையை ஒதுக்கி இருத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று முழங்கியவர்கள். அந்த நாமே ஒருவனை முன்வாங்குக்கு மாற்றினோம். இருவரும் பேசலாகாது என்றோம். தந்தையரை அழைப்பித்தோம். ஒரு திங்களுக்குள் ஒருவன் கொழும்பிலுள்ள மாமனார் கடைக்கு அனுப்பப்பட்டான். எஞ்சியவனோடு வகுப்பில் எவனும் இருக்க விரும்பவில்லை. முன்வாங்கில் அவன் தனியே இருந்தான்.

சட்டமும் நம் பக்கமே நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1883 ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை விடுதலைக்குப் பின்னரும் நாம் பேணிக் காத்தோம். 1995 இல் திருத்தம் வந்தபோது, ஆண்களை மட்டும் சுட்டிய பிரிவு பெண்களையும் சேர்த்துக்கொண்டது! ஆண் பெண் சமத்துவத்தை நமது பாராளுமன்றம் விளங்கிக் கொண்ட விதங்களுள் இதுவும் ஒன்று. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே நீக்கியிருந்தது. அச்செய்தி நம் ஆசிரியர் அறையை எட்டவில்லை.

பனங்கூடலில் அவனோடு நால்வர் இருந்தனர். ஒருவர் தையற்காரர், அவருடைய நடையைப் பழித்து ஊர் சூட்டிய பெயரை இங்கு எழுத நாம் விரும்பவில்லை. மற்றவர்களும் ஏதோ ஒருவகையில் ஊரால் வெளியே தள்ளப்பட்டவர்கள். நம்மைக் கண்டதும் அவன் எழுந்து நின்றான். வாயில் கள்ளின் மணம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று உபதேசத்தைத் தொடங்கினோம். அவன் பொறுமையாகக் கேட்டான். பின்னர் சொன்னான்:

“எனக்குக் கள்ளு பிடிக்காது, சேர். புளிச்ச மணம். ஆனா குடிக்காட்டி இதிலை இருக்கேலாது. இஞ்சை ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை.”

நாம் எழுதிக் கொடுத்த பேச்சில் ஈரல் இருந்தது; குடும்ப வறுமை இருந்தது; மதுவை விற்றுக் கொழுக்கும் முதலாளியும் இருந்தான். குடிப்பவன் எங்கே போய் இருப்பான் என்ற கேள்வி மட்டும் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் சிலர், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளியிட்ட கட்டுரையொன்றைப் பின்னாளிற் படித்தோம். தன்பால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உடைய இளையோர் மதுவையும் பிற போதைப் பொருள்களையும் நாடும் சாத்தியம் ஏனையோரைவிட 190 வீதம் கூடுதல் என்பது அதன் கணக்கு. அவர்களுள்ளும் பெண்பிள்ளைகளிடையே வேறுபாடு இன்னும் பெரிது. (நம் ஊர்ப் பெண்பிள்ளைக்குப் பனங்கூடல் இல்லை, அவள் தன் துயரை எங்கே கொண்டுபோய் வைக்கிறாளோ என்று நாம் விசாரித்ததுமில்லை.) காரணம் குருதியில் இல்லை, பழிப்பையும் ஒளிவையும் நாள்தோறும் சுமப்பதால் நேரும் மன அழுத்தமே அது என இத்துறையில் எழுதியோர் விளக்குகின்றனர். பதின்ம வயதில் பிள்ளைகள் பலர் நண்பரைப் பார்த்தே குடிக்கப் பழகுகின்றனர். பத்து நண்பர் உள்ளவன் குடிப்பவனை விட்டு விலகி இன்னொருவனோடு சேரலாம். ஒரே ஒரு கூட்டம் மட்டுமே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தத் தெரிவு கிடையாது. அக்கூட்டத்தின் கையில் போத்தல் இருந்தால் அதுவே அவன் செலுத்தும் வாடகை.

எனினும் அந்தத் தையற்காரரை நாம் குறை கூறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவரே என்று பின்னர் அறிந்தோம். நம்மிடம் அப்போது மோட்டார் சைக்கிள் இருந்தது.

2023 இல் அப்பிரிவுகளை மாற்றக் கோரும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. பத்திரிகையில் அதனைப் படித்தபோது பழைய சனிக்கிழமையொன்று நினைவில் எழுந்தது.

பனங்கூடலிலே கண்ட அன்று, சனிக்கிழமைகளில் நம் வீட்டுக்கு வா, புத்தகங்கள் இருக்கின்றன, பேசிக் கொண்டிருக்கலாம் என்று அவனை அழைத்தோம். அவன் சிறிது தயங்கினான்.

“அவன் கொழும்பாலை வந்தா, அவனையும் கூட்டிக்கொண்டு வரலாமோ, சேர்?”

வரலாம் என்றோம். ஆனால், சொல்லுமுன் ஒருகணம் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். அதனை அவன் கண்டுவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தான், தனியே வந்தான். விறாந்தை வாங்கின் ஓரத்தில், இன்னொருவருக்கு இடம் விட்டவன் போல இருந்து, தேநீரைக் குடித்தான்.