வந்த ஊரும் சொந்த ஊரும்

பிழைப்பின் பொருட்டுப் புறப்பட்டவர்க்குப் புதிய ஊர் எந்நாளில் தம் ஊராகிறது என்னும் வினா சிறியதன்று. அவ்வினாவைக் கையிலெடுத்து, விடை காணாமலே முடிந்த தொலைக்காட்சிப் படம் ஒன்றைப் பற்றி இங்குச் சில கூற விழைகிறோம்.

அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி 2014ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கென எடுத்த ‘கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்’ என்பது அப்படம். பாஸ்டன் நகரில் உயர்பயிற்சி பெற விழைந்த இளம் பெண் மருத்துவர், அது கிட்டாமற்போகவே, அலாஸ்காவிலுள்ள கார்லண்ட் என்னும் கற்பனைச் சிற்றூரில் பணியேற்கிறார். சில காலம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் எண்ணம். அங்கே ஓர் இளைஞன். அவன் தந்தையோ, கிறிஸ்துமஸ் தாத்தா இவர்தாமோ என ஐயுறவைக்கும் பெரியவர். பின்னர்ப் பாஸ்டனிலிருந்து அழைப்பு வந்தும், மருத்துவர் கார்லண்டிலேயே தங்கிவிடுகிறார்.

வேலை உத்தரவு காட்டிய திசையில் பெட்டியோடு வந்திறங்கியவர் நம்மிலும் பலர். கதையின் கரு நமக்கு நெருங்கியது. ஆகவேதான் ஏமாற்றமும் மிகுதியாகிறது. அந்நிய மண்ணில் வேர்பிடிக்க ஆகும் ஆண்டுகளை ஒரு பனிக்காலத்துக்குள் அடக்கிவிடுகிறது படம். காதல் கைகூடிற்று, அத்துடன் ஊரும் உறவாயிற்று! இவ்வளவு எளிதோ அது?

வாழ்த்து அட்டைக்குப் புகழ்பெற்ற இதே ஹால்மார்க் நிறுவனத்தின் ஆதரவில், 1951 டிசம்பர் 24 அன்று ‘அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்’ என்னும் இசைநாடகம் ஒளிபரப்பாயிற்று. மெனோட்டி என்பார் தொலைக்காட்சிக்கென்றே இயற்றியது அது. வறுமையுற்ற தாயொருத்தி, ஊனமுற்ற மகனுக்காக, விருந்தாக வந்த அரசர்களின் பொன்னில் கைவைத்துப் பிடிபடுகிறாள். மகனோ தன் ஊன்றுகோலையே குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாக்க முன்வர, அவன் கால் குணமாகிறது. அங்கும் அற்புதம் உண்டு. ஆனால் அதற்கு முன் பசி உண்டு. கார்லண்டில் அற்புதம் மட்டுமே உண்டு.

நம் உல்லாஸ்நகரின் வரலாறு வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ முகாமாக இருந்த இவ்விடத்தில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் சிந்துவிலிருந்து வந்த அகதிகள் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்குத் திரும்பிப் போக ஊரில்லை. 1949 ஆகஸ்ட் 8 அன்று, அந்நாள் கவர்னர் ஜெனரலாயிருந்த நம் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். உல்லாஸ் ஆற்றின் பெயர் ஊருக்கு வாய்த்தது. முகாம், கடைவீதியும் பட்டறைகளும் நிறைந்த நகராக வளர்ந்தது. ஆயினும் முகவரிகளில் கேம்ப் எண்ணும் பாரக் எண்ணும் இன்றும் நின்று, தொடக்கநாள் துயரை நினைவூட்டுகின்றன.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது வந்த ஊரன்று, சொந்த ஊர். அவ்வுரிமைக்கு முன்னோர் ஈந்த விலையை அவர்கள் அறிதல் வேண்டும். தொலைக்காட்சி சொல்லாவிடின், நாமே சொல்லுவோம்.