சிறு பெட்டியும் செந்தமிழ் ஓசையும்

எல்லைப்புறத்தில் வாழும் தமிழனிடம் தாய்மொழி இரு வாயில்கள் வழியே வந்து சேர்கிறது. ஒன்று கண், மற்றொன்று செவி. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையோரமாகிய எங்கள் காரக்கோணத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே பயில்கின்றனர். கண் என்னும் வாயில் அவர்களுக்குப் பாதி அடைத்தே கிடக்கிறது. எஞ்சியது செவி. ஆதலின், மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகிய நான் மாலை வேளைகளில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு மல்லாடுவதை வீண் பொழுதுபோக்கென்று கருதுவதில்லை.

1979இல் வாக்மேன், 2001இல் ஐபாட், இன்று செல்பேசி எனப் பாட்டு சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் காதில் மாட்டிக் கேட்பவன் தனியனாகிறான். குடும்பம் கூடிக் கேட்க ஸ்பீக்கர் வேண்டும்.

அமைக்கும் முறை எளிது. இரு பெட்டிகளையும் செவி மட்டத்தில் வைத்து, அவற்றின் இடைவெளிக்குச் சமமான தொலைவில் அமர்தல் வேண்டும். சுவர் மூலையில் தள்ளினால் தாழ்ந்த ஒலி பெருத்துச் சொல்லை விழுங்கும். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இடம் மாறினால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், அடித்தொனி தேய்ந்துவிடும். பாடகரின் குரல் நட்டநடுவே நின்று ஒலித்தால் இணைப்புச் சரி.

செல்பேசியை மண்பானைக்குள் இறக்கிக் கேட்பாரும் உளர். செலவில்லாத உத்திதான். எனினும் ஒவ்வொரு பானைக்கும் தனக்கென ஒரு சுருதி உண்டு; அதை ஒட்டிய ஒலியையே அது தூக்கிக் கொடுக்கும். பாடுபவர் யாராயினும் பானையும் உடன் பாடும்!

தரம் அறிய எங்கள் தென்திசை வில்லுப்பாட்டு ஒன்றே போதும். குடத்தின் ஆழ்ந்த முழக்கம் அடித்தொனிக்குச் சோதனை. வில்லின் மணிகளும் ஜால்ராவும் மேல்தொனிக்குச் சோதனை. உடுக்கையும் புலவர் குரலும் இடைத்தொனிக்கு. இரு பெட்டிகளை ஒப்பிடுங்கால் ஒலி அளவு சமமாக இருத்தல் இன்றியமையாதது. சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததெனச் செவி மயங்கும். மெல்ல ஒலிக்கும்போது தாழ்ந்த ஒலிகள் செவிக்கு மேலும் மெலிந்து கேட்கும் என்பதை 1933லேயே பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் அளந்து காட்டினர்.

எனக்கோ இவற்றினும் பெரிய சோதனை ஒன்றுண்டு. மறைந்த என் அன்னையார் கதை சொல்லும் கேசட்டைச் செல்பேசிக்கு மாற்றி வைத்துள்ளேன். அதனை ஒலிக்கச் செய்து, கேட்ட சொற்களை எழுதுமாறு என் மகளிடம் கூறுவேன். அவள் எழுதுவது மலையாள எழுத்தில். அதிலும் ல, ள, ழ மூன்றும் உண்டன்றோ? அறையை அதிரவைத்த பெரிய பெட்டியில் வலியும் வளியும் வழியும் ஒன்றாயின. "ஆச்சி என்ன சொன்னாங்க அப்பா?" என்று வரிக்கு வரி கேட்டாள். முழக்கம் குறைந்த சிறு பெட்டியிலோ மூன்றும் தனித்தனியே விழுந்தன. ஆச்சி சிரித்த இடத்தில் பேத்தியும் சிரித்தாள். தான் பிறக்குமுன் மறைந்தவரோடு அவள் பழகுவது அப்பெட்டியின் வழியேதான்.

அயலூர்களில் வாழும் அன்பர்களே! பெட்டி வாங்கப் புகுமுன் உங்கள் இல்லத்து முதியோரின் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அக்குரல் தெளிவாக ஒலிக்கும் பெட்டியே நல்ல பெட்டி.