ஆச்சி பேர்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தாமிரபரணிக் கரையோடு ஏரல் வரைக்கும் போனால், ஒருவர் பேரைக் கேட்டாலே எந்தச் சாமியிடம் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று தெரிந்துவிடும். கள்ளபிரான் என்றால் ஸ்ரீவைகுண்டம் பெருமாள். ஆதிநாதன், சடகோபன் என்றால் ஆழ்வார்திருநகரி. குழைக்காதர் என்றால் தென்திருப்பேரை. செந்தில், சண்முகம், ஆறுமுகநயினார் எல்லாம் திருச்செந்தூர். கடற்கரைக்குப் போய்விட்டால் சிலுவைமுத்து, மிக்கேல். தூத்துக்குடி பனிமய மாதாவை வேண்டிப் பெற்றிருந்தால் பனிமயம். பெரிய கோயில்களின் பேர் இல்லாதவர்களுக்கு ஊர்க்காட்டுச் சாமிகளின் பேர். இசக்கி, சுடலை, மாடசாமி, உச்சிமாகாளி, சொரிமுத்து, பலவேசம்.

ஏரலுக்கென்றே ஒரு பேர் உண்டு. சேர்மத்துரை. பெண்ணென்றால் சேர்மக்கனி. அருணாசலம் என்பவர் ஏரலுக்குச் சேர்மனாக இருந்தார். 1908ஆம் வருஷம் ஆடி அமாவாசையன்று காலமானார். ஆற்றங்கரையில் அவரை அடக்கம் செய்த இடம் கோயிலாகிவிட்டது. சேர்மன் அருணாசல சுவாமி கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்று மணலில் கால் வைக்க இடமிருக்காது. வெள்ளைக்காரன் காலத்துப் பதவி ஒன்று சாமிக்குப் பேராகி, சாமியிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. ஊருக்கு நல்லது செய்த ஒரு மனுஷனை, அவர் முகத்தைப் பார்த்தேயிராத தாய்மார்கள் இத்தனை வருஷமாக வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே சேர்மக்கனிகள் பலர். மேலவீட்டுச் சேர்மக்கனி, கிணத்தடிச் சேர்மக்கனி, வாத்தியார் வீட்டுச் சேர்மக்கனி. ஒரே பேர் இத்தனை பேருக்கு இருப்பதை யாரும் குறையாக நினைத்ததில்லை. ஒரு சேர்மக்கனியை அவள் அம்மா கூப்பிட்டால், இன்னொருத்தியும் திண்ணையில் இருந்தபடியே ‘என்னம்மா’ என்று குரல் கொடுப்பாள்.

என் பேர் பேச்சி. அப்பாவைப் பெற்ற ஆச்சி பேச்சியம்மாள். நான் மூத்த பேத்தி. அதனால் அது எனக்கு வந்தது. இதில் யாரும் யோசிக்கவோ யாரிடமும் கேட்கவோ ஒன்றும் இருக்கவில்லை. மூத்தவனுக்கு அப்பா வழித் தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பேர், பெண்பிள்ளைகளுக்கு அதே வரிசையில் ஆச்சிமார் பேர். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேர் வீட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

ஆச்சிக்கு அந்தப் பேர் வந்த விதம் வேறு. அவளுக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லையாம். பேச்சியம்மன் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சைப்பிள்ளைகளையும் காக்கிறவள். அவளிடம் நேர்ந்துகொண்ட பூட்டி, ஆச்சி பிறந்ததும் சொளகில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்திருக்கிறாள். சொல்லிவைத்தபடி பக்கத்து வீட்டுக்காரி வந்து எடுத்துக்கொண்டு போக, பூட்டி அவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவந்தாள். இது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, இதைக் கொண்டுபோய் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எமனுக்குச் சொல்கிற ஏற்பாடு. ஊரில் குப்பம்மாளும் பிச்சையும் இருந்தது இப்படித்தான். மூக்கன் என்று ஓர் ஆண்பிள்ளை இருந்தால், முன்னால் பிறந்தவை தவறிப்போய், இவனுக்கு மூக்குக் குத்தித் தக்கவைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வோம். அந்தப் பேர்களைக் கேட்டுப் பட்டணத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அடுத்த பிள்ளையைக் காப்பாற்றத் தன் கையிலிருந்த ஒரே சொத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். நல்ல பேர் வைக்கிற ஆசையைக்கூட விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அம்மா என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியார் பேரை மருமகள் எப்படி வாயால் சொல்வது? ‘ஏளா’ என்பாள், ‘தாயி’ என்பாள், வெளியாளிடம் ‘எங்க பெரியவ’ என்பாள். கோபம் வந்தால்கூடப் பேர் வராது. ஆச்சிக்கு அந்தத் தடை இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் நடையில் நின்று, தன் பேரைத் தானே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். ‘ஏட்டி... பேச்சீ...’ முதல் எழுத்தை இழுத்து, கடைசி எழுத்தை ஏற்றி நிறுத்துவாள். ஆற்றுக்குள் விளையாடிக்கொண்டிருந்தாலும் கேட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் முந்தானையால் என் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டபடி, ‘நான் போனப்புறம் எம்பேரச் சொல்லுததுக்கு நீதாம்ட்டி இருக்கே, பாத்து நடந்துக்கோ’ என்பாள்.

சின்ன வயதில் அது வெறும் கண்டிப்பாகத்தான் பட்டது. வளர வளரத்தான், நான் ஏதாவது நல்லது செய்தால் அதில் பாதி அவளுக்குப் போகும் என்பதும், கேவலமாக நடந்தால் அதுவும் அவளுக்குப் போகும் என்பதும் உறைத்தது. அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருந்தது.

தாத்தா பேர் சுடலைமுத்து. ஆச்சி அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. சுடலைமாடன் கோயில் கொடை ஊரே கூடி நடத்துகிற விசேஷம். அதைக்கூட ‘ஐயா கோயில் கொடை’ என்றுதான் சொல்வாள். ஓட்டர் லிஸ்ட் எழுத வருகிறவர் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே திரும்பிப் பார்ப்பாள். பக்கத்திலிருக்கிற யாராவதுதான் சொல்ல வேண்டும். நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டுமே எழுதிக்கொடுத்தார்கள் என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. அவளாவது தன் சொந்தப் பேரைச் சத்தமாகச் சொல்வாள். அதில் அவளுக்குக் கூச்சமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா எனக்கு இன்னொரு பேர் கொடுத்தார். அப்பாவுக்குக் கல்கி பைத்தியம். 1950இலிருந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தடித்தடியாகப் பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொட்டுக் காட்டிவிட்டு நான் நின்றேன். அப்பா ‘வானதி’ என்று சொன்னார். பதிவேட்டில் அப்படியே ஏறியது. எங்கள் வயதுக்காரர்களில் பூங்குழலியும் அருள்மொழியும் குந்தவையும் எத்தனை பேர்! எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி இருந்திருக்கும். ஆச்சி வருத்தப்படவில்லை. ‘அது பள்ளியூடத்துப் பேரு. இருந்துட்டுப் போட்டும்’ என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பேர்தான் என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. வேலையில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் வானதி. வீட்டுக்காரருக்கும் வானதி. அப்பா ஆசையாக வைத்த அந்தப் பேர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் பேச்சி ஊரோடு நின்றுவிட்டாள். ஆச்சி போனாள். பிறகு பெரியத்தை, பிறகு கிணத்தடிச் சேர்மக்கனி. ஒவ்வொரு சாவுக்கும் போய்வரும்போது, என்னைப் பேச்சி என்று கூப்பிடக்கூடிய வாய் ஒன்று குறைந்திருக்கும். போன தடவை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பார்வை மங்கிய ஒரு கிழவி பரிமாறுகிறவர்களை நிறுத்திவைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். ‘நீ பேச்சியம்மா பேத்தி பேச்சிதான?’ என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. இலையில் சாதம் ஆறிப்போகிறவரைக்கும் அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஏக்கத்தைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேரைக் கேட்டால் கோயில் தெரியும் என்றேன், சாதியும் தெரியும். தெரிவதற்காகவே வைத்த பேர்களும் உண்டு. இன்றைய சாமித்தோப்பில் 1809இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் வைத்த பேர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதிப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதிக்காரர்கள் தகராறு செய்ததால் அது முத்துக்குட்டி என்று மாறியது என்பார்கள். ஒரு குழந்தையின் பேருக்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்த ஊர்கள் இவை. பேரைச் சுருக்கி ‘ஏலே’ போட்டுப் பெரியவர்களையும் சின்னப் பையன்கள் கூப்பிட்ட தெருக்கள் இவை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பேரிலிருந்து வெட்டச் சொன்னது. இன்றைக்கு நம் பேருக்கு முன்னால் அப்பாவின் ஓர் எழுத்து மட்டும் நிற்பதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அவரவர் தாமே தேடிக்கொண்ட மரியாதை.

அவர்களும் பேரை யாரிடமிருந்தோதான் வாங்கினார்கள், பழைய பாண்டிய மன்னனிடமிருந்தாவது. பெரியார் சோவியத் நாட்டுக்குப் போய்வந்த பிறகு பிள்ளைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று பேர் வைத்தார். மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ் என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். காந்தி, நேரு, காமராஜ் என்று எத்தனை வீட்டில்! கைக்குழந்தையோடு மேடை ஓரம் காத்து நின்று தலைவர் வாயால் பேர் வாங்கிய அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேறு கட்சிக்குப் போனாலும், தன்னைப் பெற்றவர்கள் யாரை நம்பினார்கள் என்பது அவர்கள் பேரிலேயே இருக்கும். சேர்மத்துரையும் மாஸ்கோவும் என் கணக்கில் ஒன்றுதான். வானதியும்கூட. ஒருவர்மேல் இருந்த பிரியம், நம்பிக்கை, பயம், நன்றி, ஏதோ ஒன்று அந்தக் குழந்தையின் தலையில் கைவைத்திருக்கிறது.

தம்பி மகளுக்குப் போன வருஷம் குழந்தை பிறந்தது. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, போனில் பட்டியல் இறக்கி, எண்கணிதக்காரர் சொன்னபடி இன்னோர் எழுத்தும் சேர்த்துப் பேர் முடிவாயிற்று. சொல்ல இனிமையான பேர்தான். யார் பேரும்மா இது என்று கேட்டேன். ‘யார் பேரும் இல்ல அத்தை, இதுவரைக்கும் யாருக்குமே இல்லாத பேரு’ என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். தன் பிள்ளைக்கு உலகத்திலேயே புதிய ஒன்றைத் தேடிக் கொடுத்த சந்தோஷம் அவளுக்கு. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் தாய்மாமன் குனிந்து பிள்ளையின் காதில் அந்தப் பேரை மூன்று தடவை சொன்னபோது, அந்த வீட்டில் செத்துப்போன எவருக்கும் அது கேட்டிருக்காது என்று தோன்றியது. எங்கள் காலத்தில் அந்த நிமிஷத்தில்தான் யாராவது ஒரு பெரியவள் கண்ணைத் துடைப்பாள். போனவர் திரும்ப வந்து மடியில் கிடக்கிறார் என்று நம்பித்தான் துடைப்பாள். பேர் வைக்கிற அன்றைக்கு வீட்டில் அந்த அழுகை இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இப்போது என் மகள் மாசமாக இருக்கிறாள். பேர் அவர்கள் இஷ்டம். நான் தலையிட மாட்டேன் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் மகளிடம் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன். பதிவுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். வீட்டுக்குள் நான் கூப்பிடுவதற்கு ஆச்சி பேர் எனக்கு வேண்டும். சாயங்காலம் பால்கனியில் நின்று, ஆச்சி கூப்பிட்ட மாதிரியே இழுத்து ஏற்றிக் கூப்பிடுவேன், அடுக்குமாடியில் யார் எட்டிப் பார்த்தாலும் சரி.

‘பையனா பொறந்தா என்னம்மா செய்வீங்க?’ என்றாள்.

பேச்சிமுத்து இருக்கானே என்றேன்.