நமக்கேன் சார் வம்பு?

வம்பிலிருந்து நழுவுவதற்கு வெள்ளைக்காரன் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறான் என்று தெரிய வேண்டுமா? திட்டக்குடியில் எங்கள் ஆபீசுக்கு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அரை டஜன் காதில் விழும். உபயம், எங்கள் சூப்பரின்டென்டென்ட். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். 'அதுவரைக்கும் ஒரு 17(பி) வாங்காம வீடு போய்ச் சேரணும்ப்பா' என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம்.

புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அவர் செய்த முதல் உபதேசம், 'கீப் யுவர் நோஸ் க்ளீன்'. பையன் சட்டென்று கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். (ஜலதோஷம், பாவம்!) 'வம்பு தும்பில் மாட்டாம ஒழுங்கா இருன்னு அர்த்தம்டா' என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.

அடுத்தது, 'டோன்ட் ராக் த போட்'. படகை ஆட்டாதே. கோடையில் எங்கள் வெள்ளாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணலைத் தவிர ஒன்றும் இருக்காது. அதில் ஏது படகு? அவர் சொல்வது ஆபீஸ் படகை. நடக்கிறது நடக்கட்டும், கேள்வி கேட்டுக் குழப்பாதே என்று பொருள்.

பழைய ஃபைலைத் தொட்டால் வருவது, 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை'. தூங்குகிற நாயை எழுப்பாதே என்பதை ஆங்கிலக் கவிஞர் சாசர் 14-ம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அறுநூறு வருஷமாக அந்த நாய் நிம்மதியாகத் தூங்குகிறது! நம்மூரிலும் இதற்கு ஆள் உண்டு. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன்.

'பாஸிங் த பக்' சீட்டாட்டத்தில் பிறந்ததாம். சீட்டுப் போடும் முறை யாருக்கு என்று காட்ட, அவர் முன்னால் வைக்கும் அடையாளப் பொருள்தான் 'பக்'. வேண்டாமென்றால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு 1945 அக்டோபரில் ஒரு மேஜைப் பலகை பரிசாக வந்தது. 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்', அதாவது இதற்குமேல் தள்ள ஆளில்லை, பொறுப்பு என்னோடது. எங்கள் ஆபீசில் அது நிற்பதே இல்லை. 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று போகும், 'உரிய நடவடிக்கைக்கு' என்று திரும்பி வரும்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுதூர் பக்கம், சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. மழை. பைக்கோடு ஒருவர் விழுந்து கிடக்கிறார். தலையில் ரத்தம். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். 'தொட்டா போலீஸ், கோர்ட், சாட்சின்னு அலைய விடுவாங்க. நமக்கேன் சார் வம்பு?' என்றார் ஒரு பேன்ட் ஆசாமி. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர், 'ஸ்டியர் க்ளியர்'.

நான் 108-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். களை வெட்டிவிட்டு வந்த ஓர் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். 'இன்னாய்யா வேடிக்க பாக்குறீங்க? உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா வுட்டுட்டுப் போவீங்களா?' என்று துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. அந்த மனுஷர் பிழைத்துக்கொண்டார்.

பேன்ட் ஆசாமியின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அலைய விட்டவர்கள்தான். ஆனால் உதவுகிறவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாதென்று 2016-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையும் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவப் போய் ஏதாவது ஆகிவிட்டாலும் சிவில், கிரிமினல் வழக்கு கிடையாது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

யோசித்துப் பார்த்தால் இந்த வார்த்தைகளில் இரண்டு ஜாதி. 'பெட்டர் சேஃப் தேன் சாரி' என்று ஹெல்மெட் மாட்டுகிறோமே, அது ஆபத்து வருவதற்கு முன்னால். யாருக்கும் நஷ்டமில்லை. வந்தபிறகு நழுவுவது வேறு. நாம் தப்பிப்போம்; பில் மட்டும் அடுத்தவன் தலையில்!

மறுநாள் ஆபீசில் சொன்னேன். 'பேரு கீரு குடுத்தியா?' என்று பதறினார் சூப்பரின்டென்டென்ட்.

'யாரும் கேக்கவே இல்ல சார்!'

அந்த அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. நழுவுவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நல்லவேளை!